பாதை படுத்த பகல்

ஊர்காவற்றுறையில் பாதை என்றால்
நடக்கிற பாதை இல்லை.
அது ஒரு மிதக்கிற இரும்புத் தட்டு.
காரைநகருக்கும் எங்களுக்கும் நடுவில்
அரைமைல்கூட இல்லாத கடலை
நாள் முழுக்கக் கடந்து கடந்து
முடிக்காமலே வைத்திருக்கிறது.

என் கடை மணிக்கூடும் அதுதான்.
அக்கரையில் கயிறு அவிழ்க்கும்போது
பணிஸ் தட்டை உள்ளே தள்ளினால்
இக்கரையில் வந்து முட்டும்போது
மேல்தோல் சிவந்திருக்கும்.

போறணை கொழும்பில் மூடின ஒரு ஹோட்டலுடையது.
கதவு பொருந்தாது,
பழைய சாரத்துண்டால் கட்டியிருக்கிறேன்.
இடதுமூலை கருகும், வலதுமூலை வேகாது.
பாதி நேரத்தில் தட்டைத் திருப்பவேண்டும்.
திருப்பும்போது யார் கூப்பிட்டாலும்
நான் வீட்டில் இல்லை.

விளம்பரப் பலகை வேண்டாம் என்றேன்.
றெஜினா கேட்கவில்லை.
வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயின்ற்றில்
தேத்தண்ணி
கேக்
மலசலகூடம்
என்று எழுதிவைத்தாள்.
மூன்றாவதுக்குத்தான் முதலில் வருவார்கள்.
வந்தவர்கள் கை கழுவிவிட்டு
வெட்கத்தில் ஒரு பிளேன்ரீ கேட்பார்கள்.
அப்படித்தான் வியாபாரம் தொடங்கியது.

ஆறு கதிரை, இரண்டு மேசை.
ஒரு மேசைக்குக் கால் குட்டை.
விழாத லொத்தர்ச் சீட்டுகளை மடித்து
அடியில் வைத்திருக்கிறோம்.
அந்தச் சீட்டுகளால் கிடைத்த லாபம்
அது ஒன்றுதான்.

நேற்றுப் பத்தரைக்குப் பாதை இருமியது,
புகை கக்கியது,
எங்கள் கரையிலேயே படுத்துக்கொண்டது.
சைக்கிளில் வந்த ஒன்பது வெள்ளைக்காரர்,
குருநாகலில் இருந்து ஒரு வான் நிறையக் குடும்பம்,
நிழலுக்கு என் தகரக் கூரை ஒன்றே.
பதினொன்றுக்குப் பணிஸ் முடிந்தது.
பன்னிரண்டுக்குக் கேக்.
பன்னிரண்டரைக்கு நான் பிஸ்கட் ரின்னைத் தட்டித்
தூள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பில் எங்கள் மத்தியானம் கிடந்தது.
ஒட்டி மீன் குழம்பு,
இரண்டு பேருக்குத்தான்,
இரவுக்கும் சேர்த்து.
அனெக்க என்று பெயர் சொன்ன நெட்டைப் பெண்
குசினி வாசலில் குனிந்து நின்று
சட்டியைக் காட்டினாள்.
"அது விக்கிறதில்லைப் பிள்ளை"
என்று தமிழிலேயே சொன்னேன்.
விளங்கினதுபோலத் தலையாட்டி
விறாந்தையில் போய் இருந்து
தட்டுக்குக் காத்திருந்தாள்.

என்ன செய்வது.
முந்தாநாள் பாணை வாட்டிக் கொடுத்தேன்.
தண்ணீர் விட்டு, புளி விட்டு,
குழம்பை நீட்டினேன்.
குருநாகல் அம்மா வானுக்குள் போய்ச்
சீனிச்சம்பல் போத்தலோடு வந்து
கேளாமலே நடுமேசையில் வைத்தாள்.

தேசிக்காய்க் கேக்குக்கு
ஏழு மாதம் செலவழித்தவள் நான்.
முட்டை அடித்து அடித்துத் தோள்மூட்டு இறங்கி
எண்ணெய் போட்டுக்கொண்டு படுத்தவள்.
அதைத் தின்னும்போது
"நைஸ், நைஸ்" என்றார்கள்.
குழம்பைத் தின்னும்போது
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மூக்கு ஓட, கண் ஓட,
பாண் துண்டால் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

காசு எவ்வளவு என்று கேட்டபோது
எனக்கு வாய் வரவில்லை.
சொந்தச் சோற்றுக்கு
எப்படி விலை போடுகிறது?
றெஜினா கேக் துண்டின் விலையைச் சொன்னாள்.
மீன் விற்கிற விலைக்கு
அது காணாது என்று
பிறகு எனக்கும் அவளுக்கும் சண்டை.

நாலு மணிக்கு எட்வேட்
முழங்கை வரை கிறீசோடு வந்தான்.
"ஓடுது அக்கா. சாப்பிட ஏதும் கிடக்கோ?"
சட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன்.
ஒருநாளும் விற்காமல்
ரின்னில் போட்டுவைக்கிற
இடதுமூலைக் கருகல்கள் இருந்தன.
கறுப்பைச் சுரண்டாமல்
தேத்தண்ணிக்குள் தோய்த்து
நின்றபடியே தின்றான்.
இன்னும் கேட்டான்.

பாதை போனது.
அனெக்க கை காட்டினாள்.
என் இரண்டு கையிலும் கோப்பைகள்.

இன்று விடியக்காலை
மீன் சந்தைக்குப் பையை எடுத்தபடி
றெஜினா கேட்கிறாள்:
"எத்தினை கிலோ ஒட்டி?"

நான் கேக்குக்கு
மா அரித்துக்கொண்டிருக்கிறேன்.
அவளுக்குக் கேட்கும்படி
அரிதட்டைப்
பலமாகத் தட்டுகிறேன்.